ஹைப்ரிடா, வுட்டா?



பிரிட்டனுக்கு வெளியே மிகப் பழமையான கோல்ஃப் கழகம் நம் நாட்டின் கொல்கத்தாவில் 1829-இல் தோன்றியது. அந்நகரிலோ பிற மாநில நகர்களிலோ பணி நிமித்தம் குடியேறி, இவ்வாட்டத்தைப் புதிதாகப் பயில்வோர்க்கு ஓர் ஐயம் எழுவதுண்டு: பந்தைத் தொலைவுக்கு அடிக்க ஃபேர்வே வுட் வாங்குவதா, ஹைப்ரிட் வாங்குவதா?

முன்னாளில் மரத்தலை இருந்தமையால் 'வுட்' என்னும் பெயர் நிலைத்தது. இன்று தலை பெரும்பாலும் உலோகமே. மூன்றாம் எண் வுட்டின் தண்டு ஏறத்தாழ 43 அங்குலம். பந்து தொலைவு செல்லும். ஆயின் தரையைப் பெருக்குவதுபோல் வீசக் கை பழகியிருக்க வேண்டும்.

ஹைப்ரிட் என்பது வுட்டும் இரும்பு மட்டையும் கலந்த அமைப்பு. தண்டு குட்டை, தலை சிறிது. நெடும்புல்லிலும் எளிதில் புகும். சற்றே கீழ்நோக்கி அடித்தாலும் பந்து எழும்.

புதியவரைச் சோர்வடையச் செய்வது தொலைவுக் குறைவன்று. பந்து எழாமல் தரையோடு உருள்வதே. ஆகவே, முகச்சாய்வு ஏறத்தாழ 22 பாகையுள்ள ஹைப்ரிட் ஒன்றை முதலில் வாங்குங்கள். வீச்சு சீர்பட்டபின், அதற்கு நெருங்கிய சாய்வுள்ள ஏழாம் எண் வுட்டை நண்பரிடம் இரவல் பெற்று அடித்துப் பாருங்கள். பத்து அடிகளில் எது மிகுதியாகப் பந்தை எழுப்புகிறதோ, அதுவே உங்களுக்கு உரியது.