வீடற்ற இளைஞருக்கு யார் பொறுப்பு?

(கிராம வாசிகசாலை ஒன்றின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுக் கூட்டத்திலே இலக்கியச் சுவை நுகரலாம் என்று வந்தவர்களிடம் முதற்கண் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சுவையானதன்று. பஸ் நிலையத்து வாங்கிலே படுத்துறங்கும் பிள்ளைகளின் மனநலத்துக்கு யார் பொறுப்பேற்பது என்பதே அது.

சென்ற மாரிகாலத்தில் அப்படி ஒரு பையனைக் கண்டோம். பதினேழு வயதிருக்கும். கைக்குழந்தையாயிருந்தபோதே 2009 ஆம் ஆண்டுப் போரில் தந்தையை இழந்தவன். தாய் பிழைப்புக்காக மத்திய கிழக்கு நாடொன்றுக்குப் போனாள். வளர்த்த பேர்த்தியும் கண்ணை மூடியபின் மாமன் வீடு, அங்கே ஒரு சச்சரவு, அதன்பின் தெரு. இரவில் உறக்கம் இல்லை, யாரோ தன்னைத் தேடி வருவதாக ஓயாத அச்சம். நாம் அவனை ஒரு வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். முதலில் கேட்கப்பட்டது விலாசம். அடுத்தது பாதுகாவலர் பெயர். இரண்டும் அவனிடம் இல்லை. எப்படியோ வைத்தியரைக் கண்டு மருந்தும் பெற்றோம். உறையிலே “சாப்பாட்டின் பின்” என்று எழுதியிருந்தது. பையன் அதை வாசித்துவிட்டு, “எந்தச் சாப்பாட்டின் பின், ஐயா?” என்று கேட்டான். நம்மிடம் விடை இல்லை.

வைத்தியர்மீது குற்றமில்லை. அவருக்கு வாய்த்தது ஐந்து நிமிடம். வெளியே நூறு பேர் காத்திருந்தனர். பின்னர் ஒரு சிறுவர் இல்லத்தாரைக் கேட்டோம். சில மாதங்களில் பதினெட்டு நிறையப்போகிறவனைச் சேர்ப்பதில் பயனில்லை என்றனர். ஓர் அலுவலகத்திலே மற்றோர் அலுவலகத்தைக் காட்டினர். ஒவ்வொருவரும் தத்தம் கடமையைச் செய்தனர். ஆயினும் அன்றிரவும் அவன் அதே வாங்கிலேதான் படுத்தான். மருந்து ஒருவர் கையில், சோறு வேறொருவர் கையில், கூரை எவர் கையிலும் இல்லை. இவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, “இப்பிள்ளைக்கு நான் பதில் சொல்வேன்” என்று நிற்பவரே இத்தகைய சேவைக்குத் தலைவர் ஆவார். நாற்காலியும் பெயர்ப்பலகையும் பிறகு வரட்டும்.

மனநோய்களுள் பாதி 14 வயதளவிலும் முக்காற்பங்கு 24 வயதளவிலும் தலைகாட்டத் தொடங்கிவிடுகின்றன என்பது 2005 இல் அமெரிக்காவில் வெளியான பேராய்வொன்றின் முடிவு. அஃதாவது, படிக்கவும் தொழில் பழகவும் வேண்டிய வயதே நோய் பற்றும் வயதுமாகும். அவ்வயதிலே வீடும் இல்லையென்றால்? வீடுவாசலின்றி அலைவோரைக் குற்றவாளிகளாகக் கண்டது 1841 இல் ஆங்கிலேயராட்சி இயற்றிய கட்டளைச் சட்டம். அந்தக் கண்ணோட்டம் நம்முள்ளத்திலும் ஊறிக் கிடக்கிறது. பையன் கஞ்சா புகைக்கிறான், “ஐஸ்” என்னும் போதைப்பொருள் தொடுகிறான். ஆகவே முதலில் திருந்தட்டும், பிறகு உதவுவோம் என்கிறோம். தெருவிலே கிடந்துகொண்டு திருந்துவது எங்ஙனம்?

இந்தக் கேள்விக்கு நியூயோர்க் நகரிலே 1992 இல் ஒரு விடை கண்டார்கள். சாம் செம்பரிஸ் என்னும் உளவியலாளர் தொடக்கிய அமைப்பு, மனநோயுற்றுத் தெருவிற் கிடந்தோருக்கு முதலில் வீட்டைக் கொடுத்தது. மருந்துண்டால்தான் வீடு, போதையை விட்டால்தான் வீடு என்ற நிபந்தனை இல்லை. சிகிச்சை வீட்டைத் தேடி வந்தது. இதனையே கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், 2000 பேருக்கு மேற்பட்டோரிடையே சோதித்தனர். வீடு முதலிற் பெற்றோரே, வழக்கமான உதவி பெற்றோரைக் காட்டிலும் வெகு கூடுதலான காலம் நிலையாகக் குடியிருந்தனர்.

அவை செல்வ நாடுகள், நமக்கு எங்கே பணம் என்பீர்கள். நியாயமே. ஆகையால் நம்மைப்போல் நொந்த ஒரு நாட்டைப் பார்ப்போம்.

சிம்பாப்வேயில் 2005 ஆம் ஆண்டு அரசாங்கமே நகரங்களிலுள்ள குடிசைகளையும் சிறு கடைகளையும் இடித்துத் தள்ளியது. ஏறத்தாழ 7 இலட்சம் பேர் வீட்டையோ தொழிலையோ இழந்தனர் என ஐக்கிய நாடுகள் சபை கணக்கிட்டது. அந்நாட்டில் மனநோய் வைத்தியர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர். அவர்களுள் ஒருவரான டிக்சன் சிபண்டாவின் பராமரிப்பிலிருந்த ஓர் இளம்பெண், மீண்டும் வைத்தியசாலைக்கு வரப் பஸ் கட்டணம் இல்லாமல் வீட்டிலே தங்கி, தன்னுயிரை மாய்த்துக்கொண்டாள். வைத்தியசாலையில் அமர்ந்து நோயாளியை எதிர்பார்த்திருப்பதில் பொருளில்லை என்று அவர் அன்று உணர்ந்தார். 2006 இல் தலைநகர் ஹராரேயின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிமாரைப் பழக்கி, சுகாதார நிலையத்து முற்றத்து மரநிழலிலே ஒரு வாங்கைப் போட்டு உட்காரவைத்தார். அவர்கள் வருவோரின் துயரைக் கேட்டு, பல தொல்லைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதற்கு ஒரு வழியை அவர்களே காணச் செய்தனர். நோய்க்கு ஆங்கிலப் பெயர் சூட்டவில்லை. “அளவுக்கு மிஞ்சி யோசித்தல்” என்னும் தம் தாய்மொழிச் சொல்லையே வழங்கினர். நம் ஊரிலும் “பிள்ளை ஒரே யோசனை” என்றுதானே தாய்மார் சொல்கிறார்கள்! 573 பேரைக்கொண்டு செய்த சோதனையின் முடிவு 2016 இல் வெளியாயிற்று. ஆறு மாதத்தின் பின், வாங்கிலிருந்து பேசியோரிடையே நோய்க்குறி எஞ்சியவர்கள் மற்றையோரைவிட மிகக் குறைவு.

நிற்க. கமக்காரச் சகோதரர்களிடம் தனியே ஒரு வார்த்தை. 1995 இல் நம் நாட்டில் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. கொடிய கிருமிநாசினிகள் தடைசெய்யப்பட்டபின் பத்தாண்டுக்குள் அது ஏறத்தாழப் பாதியாயிற்று. சாக வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு ஒருகணத்து வெறி. அந்தக் கணம் கடந்தால் பிள்ளை பிழைக்கும். ஆனால் மருந்தைப் பெட்டியிலே பூட்டிவைத்தாற் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அநுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களைக் கொண்டு, அவற்றுட் பாதியில் பூட்டுப்பெட்டிகளை வைத்துச் சோதித்தபோது பலன் காணப்படவில்லை. கொடிய மருந்து வளவிலே இல்லாதிருப்பதே காப்பு. குறைந்த நஞ்சுள்ளதைத் தெரிந்தெடுங்கள், எஞ்சியதைச் சேர்த்துவைக்காதீர்கள்.

இனி நம் வாசிகசாலைக்கு வருவோம். பின்னாலுள்ள அறையிலே பழைய பத்திரிகைக் கட்டுகளும் உடைந்த கரம் பலகையும் கிடக்கின்றன. அதனைத் துப்புரவாக்கி இரண்டு கட்டில் போடலாம். திண்ணையிலே ஒரு வாங்கு. ஓய்வுபெற்ற ஆசிரியைகள் நால்வர் மாலைதோறும் முறைவைத்து அமர இசைந்திருக்கின்றனர். பயிற்சி அளிக்க மாவட்ட மனநல வைத்தியரைக் கேட்டிருக்கிறோம். பதினெட்டுக்குட்பட்ட பிள்ளை வந்தால் மறைக்காமல் நன்னடத்தை உத்தியோகத்தருக்கு அறிவிக்க வேண்டும். பிள்ளைக்குத் தீங்கு நேர்கிறதென்றால் 1929. மனநல அவசரத்துக்கு 1926. இவ்விரு தொலைபேசி இலக்கங்களையும் சுவரில் எழுதுவோம். சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். மாதம் ஓர் அரைநாள் தந்தாற் போதும். தோட்டக்காரர் மரக்கறி தரலாம். அதனினும் மேலானது, வேலைபழக விரும்பும் பிள்ளைக்குக் கூலியுடன் வேலை. இலவச உழைப்பு என்று எவரும் எண்ணிவிட வேண்டாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வருகிற பிள்ளையிடம் “எந்த ஊர், யாருடைய பிள்ளை?” என்று நாம் கேட்போம். அந்தக் கேள்விக்குள்ளே சாதி ஒளிந்திருப்பதை இச்சபையில் அறியாதார் இல்லை. இந்தக் கட்டடத்தின் படியிலேயே ஒரு காலத்தில் சிலர் நிறுத்தப்பட்டனர். அந்த அறையில் அக்கேள்வி கேட்கப்படுமாயின் அறையைத் திறவாமல் விடுவதே நன்று. அவ்வாறே, திண்ணையிற் பேசப்படுவது கிணற்றடிக்குப் போகக்கூடாது. போனால் இரண்டாம் பிள்ளை வரமாட்டான்.

அந்தப் பையன் இப்போது எங்கே என்று கேட்பீர்கள். தச்சுப் பட்டடை ஒன்றில் வேலைபழகுகிறான். மருந்தை இருமுறை நிறுத்தினான், இருமுறை மீண்டும் தொடங்கினான். சில நாட்களில் வேலைக்கு வருவதில்லை, தேடிப் போகிறோம். படுக்கும் இடம் இன்னும் நிலைக்கவில்லை. திண்ணைக்கு வேண்டிய வாங்கைத் தானே செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறான். பலகைக்குப் பணம் வேண்டும். பொருளாளர் வாசலிலே அமர்ந்திருக்கிறார். அறையைத் துப்புரவாக்க வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு வரக்கூடியவர்கள் பெயரையும் அவரிடமே பதிந்துவிட்டுச் செல்லுங்கள்.