கடலின் ஊசலாட்டமும் உலகின் வெப்பமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



புகைவண்டி அலுவலகத்தில் கணக்கெழுதும் நமக்கு வானிலை நூலில் புலமை இல்லை. ஆயினும், தாது வருடப் பஞ்சத்தை வழிவழியாகக் கேட்டறிந்த குடியினராதலின், மழை ஏன் பொய்க்கிறது என்னும் வினா நமக்கும் உரியதே.

அப்பஞ்சம் முற்றிய 1877-ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. அவ்வாண்டே கீழைப் பசிபிக் கடல் பெரிதும் வெப்பமுற்றது. கிறிஸ்துமஸ் காலத்தில் தம் கரையோரம் வரும் வெப்ப நீரோட்டத்தைப் பெரு நாட்டு மீனவர் 'எல் நினோ', அதாவது குழந்தை இயேசு, என்றழைத்தனர்.

பெருவின் கடலுக்கும் நம் வயலுக்கும் தொடர்பு யாது? 1904-இல் இந்திய வானிலைத் துறைத் தலைவராக வந்த கணித அறிஞர் கில்பர்ட் வாக்கர், உலகெங்கணுமிருந்து காற்றழுத்தக் குறிப்புகளைத் திரட்டினார். கணிப்பொறியற்ற அந்நாளில் இந்திய எழுத்தர்களே அக்கணக்குகளைக் கையாற் போட்டனர். எழுத்தர்களாகிய நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி இது! பசிபிக் கடல்மேல் அழுத்தம் ஏறுங்கால் இந்தியப் பெருங்கடல்மேல் இறங்குவதையும், அது இறங்குங்கால் இது ஏறுவதையும் கண்ட வாக்கர், அதற்குத் 'தென் ஊசலாட்டம்' எனப் பெயரிட்டார். பின்னர் 1969-இல் பியர்க்னெஸ் என்னும் அறிஞர் அவ்வூசலையும் எல் நினோவையும் இணைத்து விளக்கினார்.

வழக்கமாகக் கீழ்க்காற்று வெப்ப நீரை மேற்கே தள்ளி வைக்கும். அக்காற்று தளர்ந்தால் வெந்நீர் கிழக்கே பரவும். மழை இடம் மாறும். கடலின் வெப்பம் காற்றில் ஏறும். இரண்டு முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை இது நிகழும். ஆயின், விதி வழுவாததன்று. 1997-இல் கடுமையான எல் நினோ இருந்தும் நம் நாட்டில் பருவமழை குன்றவில்லை. தமிழகத்து ஐப்பசி, கார்த்திகை மழையையோ எல் நினோ பெரும்பாலும் மிகுவிக்கும்.

எரிமலைகளும் வெப்பநிலையை மாற்றும். 1991-இல் பிலிப்பைன்சில் பினாட்டுபோ வெடித்தபோது, அதன் புகைப்படலம் உலகை ஏறத்தாழ அரை டிகிரி குளிர்வித்தது. ஓரிரு ஆண்டுகளில் அக்குளிர்ச்சி நீங்கிற்று.

"இவையெல்லாம் இயற்கையின் சுழற்சி, வெப்பம் தானே தணியும்" எனச் சிலர் கூறுவர். அன்பர்களே, கணக்கைப் பாருங்கள். ஊசல் இருபுறமும் ஆடி மீள்வது. எல் நினோவுக்கு மறுதலையான லா நினா உலகைச் சற்றே குளிர்விக்கும். அத்தகைய லா நினா நிலவிய 2021, 2022-ஆம் ஆண்டுகள், பெரும் எல் நினோ கண்ட 1998-ஐக் காட்டிலும் வெப்பமானவை. ஊசல் தொங்கும் இடமே உயர்ந்துவிட்டது. உயர்த்தியது நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் எழுப்பிய கரிவளியே.

எனவே, இயற்கையின் ஆட்டத்தைக் கற்று, வறட்சிக்கு முன்னரே குளங்களைத் தூர் வாருதல் ஒரு கடமை; புகையைக் குறைத்தல் மற்றொரு கடமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக் கழிப்பது தகாது. நம் பிள்ளைகளுக்கு இவ்விரண்டையும் கற்பிப்போமாக!