நாடி டாக்டர் கையில், காகிதம் குமாஸ்தா கையில்

(சங்கப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



"டாக்டர் நம் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை, எழுதிக்கொண்டே இருக்கிறார்." ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போய்வரும் நம் மக்கள் சொல்லும் குறை இது. அவர் எதை எழுதுகிறார் என்று நாம் கேட்டோமா?

தொழிலாளி நோயில் படுத்தால் முதல் சர்டிபிகேட். நோய் நீண்டால் இடையில் ஒன்று. வேலைக்குத் திரும்பக் கடைசியாக ஒன்று. காசநோய் என்றால், 2012 முதல் ஒவ்வொரு நோயாளியையும் அரசாங்கத்துக்கு அறிவிப்பது கட்டாயம். விபத்து என்றால் போலீசுக்கு எழுத வேண்டும். 2018-ல் வந்த ஆயுஷ்மான் பாரத் அட்டை என்றால், பல ஆபரேஷன்களுக்கு முன்அனுமதி கேட்டு ரிப்போர்ட்டுகளைக் கணினியில் ஏற்ற வேண்டும். இதோடு, "சர்நேம் என்ன?" என்று படிவம் கேட்கும். நமக்கு இருப்பது இனிஷியல். ஒரு காகிதத்தில் அது முன்னால், இன்னொன்றில் பின்னால். அந்தச் சிக்கலும் டாக்டர் மேஜையில்தான் விழுகிறது. வெளியே வரிசை நீள்கிறது.

அப்படியானால் காகிதத்தை ஒழிக்கலாமா? கூடாது தோழர்களே! அந்தச் சர்டிபிகேட்டைக் கொண்டுதான் வருஷத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கேட்க முடியும். காசநோய்ப் பதிவு இருந்தால்தான் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய். 2024 நவம்பருக்கு முன் அது 500 ரூபாய். மொழி தெரியாத ஊரில் நமக்குக் காகிதந்தான் வாய்.

ரயில்வே குமாஸ்தாக்களான எங்களுக்குக் காகிதந்தான் பிழைப்பு. அதனால் சொல்லுகிறோம்: இஞ்சின் டிரைவரை டிக்கெட் கவுண்டரில் உட்கார வைத்தால் வண்டி நகருமா? நோய் என்ன, மருந்து என்ன, ஓய்வு எத்தனை நாள் — இதை டாக்டர்தான் எழுத வேண்டும், கையெழுத்தும் அவருடையதுதான். பெயர், விலாசம், இன்ஷூரன்ஸ் நம்பர், பாங்குக் கணக்கு — இதைக் குமாஸ்தா எழுதட்டும்.

நம் கோரிக்கைகள் மூன்று. ஒவ்வொரு டிஸ்பென்சரிக்கும் போதிய குமாஸ்தாக்களை நியமிக்க வேண்டும். ஒருமுறை பதிந்த விவரத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கக் கூடாது. சர்நேம் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. இது பிச்சை அல்ல. 2019 ஜூலை முதல் நம் சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளியிடம் 3.25 சதவீதமும் இதற்காகத்தான் வசூலிக்கிறார்கள்.

நம் பங்கும் உண்டு. ஞாயிறுதோறும் சங்க அறைக்குக் காகிதங்களைக் கொண்டு வாருங்கள். பெயரை ஒன்றுபோல் ஆக்க நாங்கள் மனு எழுதித் தருகிறோம். வாசலில் கோரிக்கை மனு இருக்கிறது. பெண்களும் கையெழுத்திட்டுப் போக வேண்டும். வரிசையில் குழந்தையோடு அதிகம் நிற்பவர்கள் அவர்கள்தாம்.