பசுமை என்று எழுதியிருந்தால் போதுமா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சுற்றுச்சூழல் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அவ்வளவு பெரிய விஷயத்துக்கு எனக்குத் தகுதி இல்லை. நான் 1971இல் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்தவன். அதற்குப் பிறகு மத்திய அரசின் கொள்முதல் பிரிவில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன். விற்கிறவர் என்ன சொன்னாலும் சாம்பிள் வாங்கிச் சோதித்துப் பார் என்பதுதான் அங்கே கற்றுக்கொண்டது. அந்தப் பழக்கத்தில் எங்கள் வீட்டில் செய்து பார்த்த சில சோதனைகளை மட்டும் சொல்கிறேன்.

ஆரம்பம் என் மனைவியின் கைவிரல்கள். 2022 குளிர்காலத்தில் விரல் நுனியெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. தோல் டாக்டர் பார்த்துவிட்டு, துணி துவைக்கும் தூளைக் கையால் தொடக் கூடாது என்றார். வாஷிங் மெஷின் இருக்கிற வீட்டில் கையால் எதற்குத் தொட வேண்டும் என்று கேட்பீர்கள். மடிப் புடவையும் என் வேஷ்டியும் மெஷினில் போகாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மெஷின் வந்த பிறகும் அந்தச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவரப்படவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் பேத்தி ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பூந்திக்கொட்டை ஒரு பை (இங்கே ரீட்டா என்கிறார்கள்), பாஸ்பேட் இல்லாதது என்று எழுதிய திரவ சோப்பு, மூங்கில் பிடி போட்ட பல் பிரஷ் நான்கு, மக்கும் குப்பைப் பை ஒரு சுருள். "தாத்தா, இனிமே நம்மாத்துல இதெல்லாந்தான்" என்றாள். பில்லைப் பார்த்தேன். 1973இல் நான் வாங்கிய முதல் மாதச் சம்பளத்தைவிட அதிகம்.

பூந்திக்கொட்டை நமக்குப் புதிதல்ல. என் தாயார் பட்டுப் புடவையையும் நகையையும் அதில்தான் அலசுவார். அதன் தோலில் சபோனின் என்ற பொருள் இருக்கிறது. நுரை வருவது அதனால்தான். ஆனால் அம்மா வேஷ்டியை அதில் துவைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. காரணம் இருக்க வேண்டுமே என்று தோன்றியது.

பழைய வேஷ்டி ஒன்றை, மனைவியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, நான்காகக் கிழித்தேன். ஒவ்வொரு துண்டிலும் சாம்பார், காப்பி டிகாக்‌ஷன், நல்லெண்ணெய், பால்கனித் தொட்டி மண் இந்த நான்கையும் ஒரே அளவில் தடவி ஒரு நாள் காயவிட்டேன். ஒரு துண்டு பூந்திக்கொட்டைச் சாற்றில். ஒன்று பாஸ்பேட் இல்லாத திரவத்தில். ஒன்று வழக்கமான தூளில், பாக்கெட்டில் போட்டிருந்த அளவுப்படி. நாலாவதும் அதே தூளில்தான், ஆனால் பாதி அளவு. எல்லாம் அரை மணி நேரம் ஊறின. எது எதில் துவைத்தது என்று சொல்லாமல் மனைவியை மார்க் போடச் சொன்னேன்.

முதல் ஆச்சரியம், தூளில் போட்ட இரண்டு துண்டிலும் சாம்பார்க் கறை குங்குமமாகச் சிவந்துவிட்டது. "ஏன்னா, இதென்ன ரத்தமா?" என்று அவள் பதறினாள். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறதே, அதேதான். காரத்தன்மை பட்டால் மஞ்சள் சிவக்கும். பூந்திக்கொட்டையில் ஊறிய துண்டில் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. அதாவது அதில் காரம் இல்லை. சோப்பின் காரம் பட்டுநூலின் புரதத்தைக் கெடுக்கும், பூந்திக்கொட்டை கெடுக்காது. அம்மா அதைப் பட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டதன் காரணம் ஒரு சாம்பார்க் கறையில் தெரிந்துவிட்டது.

மற்றபடி பூந்திக்கொட்டை எண்ணெயிலும் மண்ணிலும் தோற்றது. திரவ சோப்பு சுமாராகத் தேறியது. தூளில் முழு அளவுக்கும் பாதி அளவுக்கும் வித்தியாசம் என் கண்ணுக்கும் தெரியவில்லை, அவள் கண்ணுக்கும் தெரியவில்லை. மஞ்சள் கறையை எதுவுமே எடுக்கவில்லை. இரண்டு நாள் வெயிலில் போட்டதும் நான்கு துண்டிலும் தானாகப் போய்விட்டது.

தூளில் பாதியைக் குறைப்பது பெரிய விஷயமா என்று கேட்கலாம். நாம் இருக்கும் மயூர் விஹாரிலிருந்து காளிந்தி குஞ்ச் எவ்வளவு தூரம்? ஐப்பசி, கார்த்திகையில் சட் பூஜைக்காக யமுனையில் இறங்கும் பெண்கள் இடுப்பளவு வெள்ளை நுரையில் நிற்கும் படத்தைப் பத்திரிகையில் வருஷா வருஷம் பார்க்கிறோம். அந்த நுரை எங்கிருந்தோ வருவதில்லை. வஸீராபாத்திலிருந்து ஓக்லா வரை 22 கிலோமீட்டர்தான். நதியின் மொத்த நீளத்தில் இரண்டு சதவீதம்கூட இல்லை. யமுனையின் மொத்த அசுத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு அந்தச் சின்னத் துண்டில்தான் சேர்கிறது. சுத்திகரிக்காத சாக்கடையோடு நம் துணி சோப்பும் பாத்திர சோப்பும் போய்ச் சேர்கின்றன. ஓக்லா அணையில் தண்ணீர் உயரத்திலிருந்து விழும்போது, டபராவிலிருந்து டம்ளருக்கு ஆற்றின காப்பி மாதிரி நுரைத்துக்கொள்கிறது. பாஸ்பேட் இதில் இன்னொரு பங்கு. அது நீர்ப்பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரம். 2021 ஜூனில் டில்லி அரசு பி.ஐ.எஸ். தரத்துக்கு உட்படாத சோப்பு, டிடர்ஜென்ட் விற்பனைக்குத் தடை போட்டது. எத்தனை பேர் பாக்கெட்டைத் திருப்பி அந்த முத்திரையைத் தேடியிருப்போம்?

அதற்காக இயற்கை என்றாலே சாது என்றும் நினைத்துவிட வேண்டாம். சபோனின் மீனுக்கு விஷம். இந்த வகைக் காய்களையும் வேர்களையும் நசுக்கிக் குட்டையில் கலந்து மீன் பிடிப்பது மலைவாழ் மக்களின் பழைய வழக்கம். மண்ணில் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதுதான் அதற்கு இருக்கிற சலுகை.

இப்போது எங்கள் வீட்டில் மெஷினுக்குத் தூள் பாதி அளவு. கையால் துவைப்பதற்குப் பூந்திக்கொட்டை. 2023 குளிர்காலத்தில் மனைவிக்கு விரல் வெடிக்கவில்லை. அது பூந்திக்கொட்டையாலா, டாக்டர் கொடுத்த களிம்பாலா என்று கேட்டால் பதில் கிடையாது. இரண்டையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தது என் தப்பு. சோதனை என்ற முறையில் அது செல்லாது.

பெட்டியில் வந்த மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மூங்கில் பிரஷ்ஷில் பிடிதான் மூங்கில், தூரிகை நைலான். மக்கும் பையில் காய்கறித் தோலைப் போட்டுப் பால்கனித் தொட்டியில் புதைத்தேன். பதினான்கு மாதம் கழித்துத் தோண்டினால் தோல் எருவாகிவிட்டது, பை அப்படியே இருக்கிறது. அந்த வகைப் பைகள் மக்குவதற்குப் பெரிய உரக்கிடங்குகளில் வருகிற ஐம்பது அறுபது டிகிரிச் சூடு வேண்டும். தொட்டியில் அந்தச் சூடு ஏது? துணிப்பைதான் உத்தமம் என்பீர்கள். 2018இல் டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு ஒரு கணக்குப் போட்டது. தண்ணீர், உரம், ஓஸோன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு பருத்திப் பையை 7,100 தடவை உபயோகித்தால்தான் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்று வந்தது. வாரம் இரண்டு தடவை கடைக்குப் போனால் 68 வருஷம்! புவிவெப்பம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் 52 தடவை போதும். பிளாஸ்டிக் பையைத் தெருவில் மாடு தின்பது அந்தக் கணக்கில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எப்படியானாலும், நம் அலமாரிகளில் அடுக்கி வைத்திருக்கும் கல்யாணத் தாம்பூலப் பைகளுக்கு வேலை கொடுக்க வேண்டிய நேரம் இது.

பேத்தி கற்றுக்கொடுத்த இன்னொன்று பயோ என்ஸைம். வெல்லம் ஒரு பங்கு, ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. மூன்று மாதம் புளிக்க வைக்க வேண்டும். தினமும் மூடியைத் திறந்து காற்றை விடு என்றாள். நாங்கள் நான்கு நாள் ஹரித்வார் போய்விட்டு வந்தோம். மூடி அடுப்பங்கரைப் பரண் வரை பறந்திருந்தது. மிச்சத்தை வடிகட்டி முன்ரூம் மார்பிள் தரையைத் துடைத்தேன். இரண்டே மாதத்தில் பளபளப்பு போய்விட்டது. மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட், இது அமிலம். கெமிஸ்ட்ரி படித்தவன் செய்கிற காரியமா இது என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் வீட்டில் கேட்டாகிவிட்டது. பித்தளை விளக்கு மட்டும் அதில் நன்றாகப் பளிச்சிடுகிறது.

முத்திரை பற்றி ஒரு வார்த்தை. சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருளுக்கு ஈகோமார்க் என்று மண்பானைச் சின்னம் ஒன்றை நம் அரசு 1991லேயே கொண்டுவந்தது. மிகச் சில உற்பத்தியாளர்களே அதைப் பெற்றார்கள். 2024இல் அதற்குப் புது விதிகள் வந்தன. அதே வருஷம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பசுமை, இயற்கை என்றெல்லாம் வெறுமனே அச்சடிக்கக் கூடாது, ஆதாரம் காட்ட வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. கேட்பதற்கு நமக்கு இப்போது உரிமை இருக்கிறது.

இனி, வீட்டில் நிஜமாகவே சண்டை வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2024இல் பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. கூரைப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போக என் மனைவி நாள் பார்த்துவிட்டாள். பேத்தி பட்டே வேண்டாம் என்றாள். "பாட்டி, கொதிக்கிற தண்ணில உசிரோட போடறா. நாம சைவம்னு சொல்லிக்கறோம்" என்றாள். ஒரு கிலோ பட்டுநூலுக்குப் பல ஆயிரம் கூடுகள் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். பட்டு வேண்டாம் என்று காஞ்சிப் பெரியவர் சொன்னதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். தலையாட்டினோம், பட்டுக் கடைக்குப் போனோம். ஆனால் ஐம்பது வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு, பேத்தி பருத்தியில் மணையில் உட்காருவது என்பது தாங்கவில்லை. நான்கு நாள் வீட்டில் பேச்சு இல்லை. காப்பி மட்டும் வந்தது.

அஹிம்ஸா பட்டு பார்க்கலாம் என்று நான் சமரசம் சொன்னேன். அதற்கும் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. ராஷ்டிரபதி ஆர். வெங்கட்ராமனின் துணைவியார் ஜானகி அம்மாள், புழுவைக் கொல்லாமல் நெய்த பட்டு கிடைக்குமா என்று கேட்டாராம். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் ஆந்திரக் கைத்தறித் துறையைச் சேர்ந்த குசும ராஜையா என்பவர் வழி கண்டுபிடித்து, பிற்பாடு காப்புரிமையும் பெற்றார். அந்துப்பூச்சி வெளியே வந்த பிறகு கூட்டிலிருந்து நூல் எடுக்கும் முறை அது.

கடைகளில் விசாரித்தோம். ஒரு கடையில் கண்ணாடி மாதிரி பளபளக்கும் புடவையைக் காட்டி அஹிம்ஸா என்றார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது. முழுக் கூட்டிலிருந்து ஒரே இழையாகச் சுமார் ஒரு கிலோமீட்டர் நீளம் வரை நூல் வரும். அந்தப் பளபளப்பு அதனால் வருவது. பூச்சி வெளியேறின கூட்டில் இழை அறுந்துவிடும். பஞ்சு மாதிரி நூற்கத்தான் முடியும். அங்கங்கே சின்ன முடிச்சு இருக்கும், மெத்தென்று இருக்கும், மினுக்கு குறையும். எங்கிருந்து நூல் வருகிறது என்று கேட்டேன். பதில் இல்லை. இன்னொரு இடத்தில் அஸ்ஸாமின் எரிப் பட்டு காட்டினார்கள். அந்தக் கூடு திறந்த வாய் உள்ளது, கொல்லாமலும் எடுக்கலாம். ஆனால் அஸ்ஸாமில் அந்தப் புழுவை விரும்பிச் சாப்பிடுகிறவர்கள் நிறைய. ஆக அதிலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

வெறுங்கையோடு வீடு திரும்பினோம். அன்று ராத்திரி மனைவி ஒன்றும் பேசாமல் பீரோவின் அடித்தட்டைத் திறந்து தன் கூரைப் புடவையை எடுத்து வைத்தாள். 1976இல் கட்டியது. அரக்கு நிறம், ஒன்பது கஜம், வசம்பு வாசனை. "இதுக்குச் செத்தது செத்தாச்சு. புதுசா ஒண்ணும் சாக வேண்டாம். கட்டிக்கறயா?" என்று கேட்டாள். பேத்தி அழுதுவிட்டாள்.

மடிப்பு மாற்றாமல் வைத்திருந்ததில் இரண்டு இடத்தில் இழை விட்டிருந்தது. நம் மார்க்கெட் வாசலில் உட்காரும் ரஃபூக்காரர் மூன்று நாள் எடுத்துக்கொண்டார், எங்கே கிழிந்தது என்று இப்போது எனக்குத் தெரியாது. பிறகு பூந்திக்கொட்டைத் தண்ணீரில் மெதுவாக அலசி நிழலில் உலர்த்தினோம். 2025 தையில் அவள் அதைக் கட்டிக்கொண்டுதான் மணையில் உட்கார்ந்தாள். சம்பந்தி மாமி காஞ்சிபுரத்தில் எந்தக் கடை என்று விசாரித்தார். என் மனைவி கடை பேரைச் சொல்லவில்லை, வருஷத்தை மட்டும் சொன்னாள்.

டிபன் தயாராகிவிட்டது என்று செயலாளர் ஜாடை காட்டுகிறார். பூந்திக்கொட்டை வேண்டும் என்கிறவர்களுக்கு வாசலில் ஒரு பை வைத்திருக்கிறேன், ஆளுக்கு ஒரு பிடி எடுத்துக்கொள்ளலாம். பை கொண்டுவராதவர்களுக்கு எங்கள் வீட்டுத் தாம்பூலப் பை இருக்கிறது.