ஆளும் உரிமை எங்கிருந்து வந்தது? வியட்நாமியக் கம்யூனிஸ்ட்டுக் கட்சியின் கதை



வியட்நாமிய அரசமைப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, அரசையும் சமுதாயத்தையும் வழிநடத்தும் சக்தி கம்யூனிஸ்ட்டுக் கட்சியே என்கிறது. தேர்தலில் வென்ற கட்சி ஆள்வது ஒரு முறை. இங்கோ ஆளும் உரிமை சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. இந்த இடத்திற்கு அந்தக் கட்சி எப்படி வந்தது?

1930ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்த வியட்நாமியப் பொதுவுடைமையாளர்கள் மூன்று குழுக்களாகப் பிரிந்து, ஒருவரோடு ஒருவர் மல்லுக்கு நின்றனர். அவர்களை ஹாங்காங்கில் ஒன்றுசேர்த்தவர் நுயென் ஐ குவோக். பின்னாளில் உலகம் அறிந்த ஹோ சி மின் அவர்தான். இரண்டு குழுக்கள் அங்கேயே இணைந்தன; மூன்றாவது சில வாரங்களில் வந்து சேர்ந்தது. கட்சியின் பிறந்தநாளாகப் பிப்ரவரி 3 கொண்டாடப்படுகிறது. அந்தத் தேதிகூட 1960 மாநாட்டில் முடிவானதுதான். அதுவரை ஜனவரி 6 என்றே சொல்லி வந்தார்கள்!

இந்த வட்டாரத்திற்கும் அக்கதையில் பங்கு உண்டு. 1930 ஏப்ரலில் மலாயாக் கம்யூனிஸ்ட்டுக் கட்சி அமைக்கப்பட்டபோது ஹோ சி மின் உடனிருந்தார். 1931 ஜூனில் சிங்கப்பூரில் டுக்ரூ என்ற பிரெஞ்சுக்காரர் பிடிபட்டார். அவரிடம் கிடைத்த தகவலால் ஹாங்காங்கில் ஹோ சி மின் கைதானார். விடுதலையானதும் அவர் கப்பலேறியது சிங்கப்பூருக்கு. இங்கே இறங்க விடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தலைமறைவு வாழ்க்கை கட்சியின் குணத்தையே வகுத்தது. 1945 நவம்பரில் கட்சி கலைக்கப்பட்டதாக அறிவித்தார்கள். ஆனால் அது மறைவாக இயங்கியது. 1951இல் தொழிலாளர் கட்சி என்ற பெயரில் வெளியே வந்தது. நாடு ஒன்றான 1976இல்தான் இன்றைய பெயர். பெயருக்கு இருந்த வேறு இரு கட்சிகளும் 1988இல் மறைந்தன.

அமைப்பு கூம்பு போன்றது. அடியில் கிளை, மூன்று உறுப்பினர் இருந்தால் போதும். தொழிற்சாலை, பள்ளி, இராணுவம் என எங்கும் கிளை உண்டு. உறுப்பினராக விரும்புபவருக்கு இருவர் பரிந்துரை வேண்டும், ஓராண்டு தகுதிகாண் காலமும் உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கூடும் மாநாடு மத்தியக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறது. மத்தியக் குழு அரசியல் தலைமைக்குழுவைத் தேர்ந்தெடுக்கிறது. கீழிருந்து மேலே தேர்வு, மேலிருந்து கீழே கட்டளை. காகிதத்தில் இரண்டும் சமம். நடைமுறையில் கட்டளையின் கைதான் ஓங்கியிருக்கிறது. இராணுவக் குழுவின் தலைவரும் கட்சியின் பொதுச் செயலாளரே.

ஒருவர் கையில் எல்லாம் சேராதிருக்க, பொதுச் செயலாளர், அதிபர், பிரதமர், நாடாளுமன்றத் தலைவர் என நான்கு தூண்களாகப் பதவிகளைப் பிரித்து வைத்தார்கள். அந்த ஏற்பாடு எவ்வளவு உறுதி? 2023 ஜனவரிக்கும் 2024 மே மாதத்திற்கும் இடையில் இரண்டு அதிபர்களும் ஒரு நாடாளுமன்றத் தலைவரும் பதவி விலகினர். ஊழல் ஒழிப்பு என்றது கட்சி. ஆனால் விசாரித்ததும் கட்சி, தீர்ப்புச் சொன்னதும் கட்சி. வாக்காளரைக் கேட்டவர் எவருமில்லை. 2024 ஆகஸ்ட்டில், ஏற்கெனவே அதிபராயிருந்த தோ லாம் பொதுச் செயலாளர் பதவியையும் ஏற்றார். அக்டோபரில் அதிபர் பதவி வேறொருவருக்குப் போனது.

2025 ஜூலை 1ஆம் தேதி 63 மாநிலங்கள் 34 ஆகச் சுருங்கின, மாவட்ட நிலை முற்றாக நீக்கப்பட்டது. அதோடு மாவட்டக் கட்சிக் குழுக்களும் போயின. கிராமத்துக் கிளைக்கும் மாநிலத் தலைமைக்கும் இடையே இருந்த ஒரு படி இப்போது இல்லை.