ஹீற்றர் வால்வும் கராஜ் மதிப்பீடும்

கண்டி வாவிக் கரையை விட்டுத் தென்கிழக்கே மேலேறும் வீதி அம்பிட்டியவை அடைகிறது. குருமடத்தால் பெயர்பெற்ற அவ்வூரைக் கடந்து, தலாத்துஓயா, ஹங்குராங்கெத்த, ரிக்கிலகஸ்கட என்னும் ஊர்களைத் தொட்டுக்கொண்டு, அது நுவரெலியாவை நோக்கிச் செல்கிறது. கண்டி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர். அதாவது, இந்த ஒரே பாதையில் செல்லும் கார், காலையில் மின்விசிறி வேண்டியிருக்கும் ஊரில் புறப்பட்டு, தை மாதத்து விடியலில் புல்மீது உறைபனி படியும் ஊரைச் சென்றடைகிறது. காருக்குள்ளே வெப்பத்தை உண்டாக்கும் ஹீற்றர் என்னும் கருவியைப் பற்றிப் பேசுவதற்கு இதனினும் பொருத்தமான பாதை இத்தீவில் அதிகம் இல்லை.

ஆயினும், அம்பிட்டியவில் கார் வைத்திருப்பவரிடம் ஹீற்றரைப் பற்றிக் கேட்டால் அவர் சிரிப்பார். வெப்பநாட்டில் வெப்பம் ஊட்டும் கருவி எதற்கு என்பார். அக்காலத்துச் சீமைக் கார்களின் விஷயத்தில் அது நியாயமான கேள்வியே. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர் காரின் முதல் வடிவத்தில் நீரைச் சுழற்றுவதற்குத் தனிப் பம்புகூட இருக்கவில்லை. சூடான நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்னும் இயற்கை நியதியை நம்பியே அதன் இயந்திரம் குளிர்ந்தது. பின்னர் 1950களின் தொடக்கத்தில் பம்பு பொருத்தப்பட்ட பிறகே, மேலதிகப் பணம் கொடுப்போருக்கு ஹீற்றர் கிடைத்தது. ஆனால் யப்பானில் ஓடிப் பழகி இங்கே வந்திறங்கும் கார்களின் கதை வேறு. அவை அந்நாட்டுப் பனிக்காலத்துக்கென்று செய்யப்பட்டவை. கேட்டாலும் கேளாவிட்டாலும் ஹீற்றர் அவற்றோடு கூடவே வருகிறது. வேண்டாத விருந்தாளிபோல் பதினைந்து, இருபது ஆண்டுகள் உள்ளே பேசாமல் இருந்துவிட்டு, ஒருநாள் அது தன் இருப்பைத் தெரியப்படுத்துகிறது.

அதன் அமைப்பு மிக எளியது. இயந்திரத்தைச் சுற்றி ஓடிச் சூடேறிய நீரில் ஒரு பகுதி, ஒரு றப்பர் ஹோஸ் வழியாக, இயந்திர அறைக்கும் பயணிகள் அறைக்கும் இடையிலுள்ள தகட்டுச் சுவரைக் கடந்து உள்ளே செல்கிறது. அங்கே டாஷ்போர்டுக்குப் பின்னால் கைப்பெட்டி அளவிலான சிறிய றேடியேற்றர் ஒன்று இருக்கிறது. அதன் ஊடாக விசிறி காற்றை வீசினால் சூடான காற்று வெளிவரும். வேலை முடிந்த நீர் இன்னொரு ஹோஸ் வழியாகப் பம்பை நோக்கித் திரும்புகிறது. உள்ளே செல்லும் ஹோஸின் நடுவில், வீட்டுத் தண்ணீர்க் குழாயின் திருகுபோல, நீரை விடவும் மறிக்கவும் ஒரு சிறிய வால்வு உண்டு. பழைய யப்பான் கார்கள் பலவற்றில் அது பிளாஸ்ரிக்காலானது. டாஷ்போர்டிலுள்ள கைப்பிடியைக் குளிர்ப் பக்கத்திலிருந்து வெப்பப் பக்கத்துக்குத் தள்ளும்போது ஒரு கம்பிக் கேபிள் அதன் நெம்பை இழுத்துத் திறக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் இந்தப் பொருளே இன்றைய பேச்சின் நாயகன்.

குளிர்நாட்டில் இவ்வால்வு பழுதடைந்தால் காருக்குள் இருப்போர் நடுங்குவர். பழுது எதுவென்பது உடனே விளங்கிவிடும். கண்டிச் சுவாத்தியத்தில் அதன் அடையாளம் தலைகீழாக இருக்கிறது. வால்வு முழுவதும் மூடாமல் அரைகுறையாய் நின்றுவிட்டால், கொதிநீர் இடைவிடாமல் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். ஏசி குளிர்வித்த காற்று அந்தச் சூடான சிறு றேடியேற்றரைத் தொட்டுக்கொண்டு வரும். விளைவு, ஏசி குளிரவில்லை என்னும் முறைப்பாடு. ஹீற்றர் பழுதென்று எவரும் கராஜுக்குப் போவதில்லை. ஏசி பழுதென்றே போகிறார்கள். இந்த இடத்திலேயே பணம் விரயமாவதற்கான கதவு திறக்கிறது.

ஒரு வாடகைக் கார்க்காரரை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். அம்பிட்டியவிலிருந்து நோயாளரைக் கண்டி வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதும், இடையிடையே ஹங்குராங்கெத்தப் பக்கம் சவாரி போவதும் அவர் பிழைப்பு. கார் ஒருநாள் நின்றால் அன்றைய வருமானம் இல்லை. ஏசி குளிரவில்லையென்று அவர் மூன்று கராஜ்களுக்குச் செல்கிறார். முதலாவது இடத்தில், கம்பிரசரை மாற்றிக் காஸ் நிரப்ப வேண்டும் என்று பெருந்தொகை ஒன்று சொல்லப்படுகிறது. இரண்டாவது இடத்தில், ஹீற்றர் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு ஹோஸ்களையும் ஒன்றாய் இணைத்துவிடலாம் என்று மிகச் சிறிய தொகை சொல்லப்படுகிறது. மூன்றாவது இடத்தில், புதிய வால்வு, இரண்டு ஹோஸ், கிளிப்புகள், கூலன்ட், கூலி எனத் தனித்தனியே எழுதி, நடுத்தரமான தொகை ஒன்று கொடுக்கப்படுகிறது. இம்மூன்றில் எது நேர்மையானது?

தொகையை மட்டும் பார்த்து இதற்கு விடை கூற இயலாது. மூன்று மதிப்பீடுகளும் மூன்று வெவ்வேறு நோய்களுக்கு எழுதப்பட்ட மருந்துகள். நோய் எதுவென்று தெரியாமல் மருந்தின் விலையை ஒப்பிடுவதில் பயன் என்ன? ஆகவே கார்க்காரர் முதலில் கேட்க வேண்டியது விலையை அன்று.

“பாஸ், கோளாறு இதுதான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? எனக்குக் கொஞ்சம் காட்டுங்கள்.”

“காஸ் குறைவு, சேர். கம்பிரசரும் பழசு.”

“மானி வைத்து அளந்தீர்களா?”

இந்தக் கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் விடையே மதிப்பீட்டின் தராதரத்தைக் காட்டிவிடும். காஸின் அழுத்தத்தை அளப்பதற்கு மானி உண்டு. மானியைப் பொருத்தாமலே கம்பிரசரைக் குறை கூறுபவர், கெட்டவர் என்பதில்லை, ஊகிக்கிறார். ஊகத்துக்கு அவர் பணம் கொடுக்கப் போவதில்லை, கார்க்காரரே கொடுக்கப் போகிறார்.

வால்வைச் சோதிப்பதற்கோ மானியும் வேண்டியதில்லை. கைப்பிடியைக் குளிர்ப் பக்கம் தள்ளிவைத்து, கார் நன்றாகச் சூடேறும்வரை ஓட்ட வேண்டும். பின்பு இயந்திரத்தை நிறுத்தி, தகட்டுச் சுவரினுள்ளே நுழையும் ஹோஸை வால்வுக்கு முன்னும் பின்னும் ஒரு துணியைச் சுற்றிய விரலால் மெல்லத் தொட்டுப் பார்க்கலாம். முன்பக்கம் கொதிக்க, பின்பக்கம் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் வால்வு மூடுகிறது. இரண்டும் ஒன்றுபோல் கொதித்தால் அது மூடவில்லை. அப்போதும் வால்வின்மேல் உடனே பழி போட வேண்டாம். ஒருவர் கைப்பிடியைத் தள்ள, இன்னொருவர் நெம்பு அசைகிறதா என்று பார்க்கட்டும். கேபிளைப் பற்றியிருக்கும் சிறு கவ்வி கழன்றிருப்பதும் உண்டு. அதற்குப் புதிய பொருள் எதுவும் வேண்டாம். ஒரு குறடும் ஐந்து நிமிடமும் போதும். பிற்காலத்துக் கார்கள் பலவற்றில் இவ்வால்வே கிடையாது என்பதையும் நேயர்கள் நினைவில் வைத்தல் நலம். அவற்றில் நீர் எந்நேரமும் ஓடும். காற்றைத் திசைதிருப்பும் ஒரு மடல் மட்டுமே வெப்பத்தைக் கட்டுப்படுத்தும். இல்லாத வால்வை மாற்றுவதற்கு மதிப்பீடு எழுதுபவரிடம், அது எங்கே இருக்கிறதென்று காட்டச் சொல்வதே தக்க மறுமொழி.

வால்வு மூடாதது தொல்லை, ஒழுகுவதோ ஆபத்து. கொதிநீரில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த பிளாஸ்ரிக் நொறுங்கும் தன்மை அடைகிறது. வெடிப்பு முதலில் மயிரிழை அளவில் தோன்றும். தகட்டுச் சுவரில் பச்சை அல்லது சிவப்புக் கறை, சற்றே இனிப்பான ஒரு மணம், காலைதோறும் சேமிப்புப் போத்தலில் குறையும் நீர்மட்டம் ஆகியவையே அதன் குறிகள். இங்கே மலையின் உயரம் கணக்கில் வருகிறது. திறந்த பாத்திரத்தில் நீர் கடற்கரையில் 100 பாகையில் கொதிக்கும். நுவரெலியாவின் உயரத்தில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். கார் இயந்திரமோ பொதுவாக 80 பாகைக்கு மேலேதான் ஓடும்படி அமைக்கப்பட்டது. ஏற்றத்தில் 94ஐ எளிதில் தாண்டும். ஆயினும் நீர் கொதிக்காமல் இருப்பதற்குக் காரணம், றேடியேற்றர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கிவைப்பதே. வெடித்த வால்வு நீரைமட்டும் வெளிவிடுவதில்லை, அவ்வழுத்தத்தையும் வெளிவிடுகிறது. இன்னுமொரு சூழ்ச்சி உண்டு. நீர் வெகுவாகக் குறைந்தபின், வெப்பத்தை உணரும் கருவி நீரில் நனையாமல் வெறுமையில் நிற்கக்கூடும். அப்போது டாஷ்போர்டின் முள் குளிர் என்றே காட்டும், இயந்திரமோ எரிந்துகொண்டிருக்கும். அலுமினியத்தாலான சிலிண்டர் தலை வளைந்து, கஸ்கட் கருகினால், வால்வின் விலையைப்போல் பல மடங்கு செலவாகும். வாடகைக் காரை நம்பி வாழும் குடும்பத்துக்கு அது சில மாதத்து உழைப்பு. ஒழுகும் வால்வோடு தலாத்துஓயாவைத் தாண்டி ஏறுவது இந்தக் காரணத்தாலேயே தகாது.

இனி இரண்டாவது கராஜின் யோசனையை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு ஹோஸ்களையும் இணைத்து ஹீற்றரை ஒதுக்கிவிடுவது ஏமாற்று வேலை என்று சிலர் எண்ணுவர். அப்படியன்று. கண்டி நகர எல்லையை விட்டு அகலாத காருக்கு அது ஏற்கத்தக்க பரிகாரமே. ஆனால் இணைக்கும் ஹோஸ் கொதிநீரையும் அழுத்தத்தையும் தாங்கும்படி செய்யப்பட்டதாக இருத்தல் வேண்டும். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயின் துண்டு அதற்கு உதவாது. இரு முனைகளையும் அடைத்துவிடுவதும் கூடாது. சில இயந்திரங்களில் தெர்மோஸ்டாட் ஒழுங்காகத் திறப்பதற்கு அவ்வழியே நீர் ஓடுவது அவசியம். மலையேறும் காருக்கோ ஹீற்றர் இருப்பதால் இரண்டு நன்மைகள் உண்டு. ஒன்று, மூடுபனியில் முன்கண்ணாடியின் உட்புறம் மங்கும்போது, சூடான காற்று அதைத் துலக்கும். மற்றது கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஏற்றத்தில் இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறத் தொடங்கினால், ஏசியை நிறுத்தி, ஹீற்றரை முழுமையாகத் திறந்து, விசிறியைச் சுழலவிட்டால், அது இரண்டாவது றேடியேற்றராக உதவி வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். உள்ளே இருப்போர் வியர்ப்பர், இயந்திரம் பிழைக்கும். நிறுத்துவதற்குத் தக்க இடம் வரும்வரை அது போதும். ஹங்குராங்கெத்தச் சவாரி போகும் நம் கார்க்காரர் அந்த உதவியைச் சில ரூபாய்க்காக இழக்க வேண்டியதில்லை.

ஆகவே சோதனையில் வால்வே குற்றவாளி என்று கண்டால், அவருக்குரியது மூன்றாவது மதிப்பீடு. அதையும் வரிவரியாகப் பார்க்க வேண்டும். வால்வு புதியதா, பழையதா? கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய கார்களிலிருந்து கழற்றிய உறுப்புகள் எல்லாம் கிடைக்கும். கதவு, விளக்கு போன்றவற்றுக்கு அது நல்ல சந்தை. பிளாஸ்ரிக் வால்வுக்கு அன்று. கழற்றிய வால்வுக்கும் பழுதான வால்வுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒன்று நொறுங்கியபின் மற்றது எத்தனை நாள் நிற்கும்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. அவ்வைந்தாண்டுகளில் வீதியிலுள்ள கார்கள் யாவும் மூப்படைந்தன. கழற்றி விற்கப்படும் உறுப்புகளும் அவற்றோடு மூப்படைந்தன. புதிய வால்வு வாங்கும்போது காரின் சேசிஸ் இலக்கத்தையும் பழைய வால்வையும் கையோடு கொண்டுபோக வேண்டும். குழாய்முனையின் பருமனும் நெம்பு திரும்பும் திசையும் ஒத்திருத்தல் அவசியம்.

அடுத்தது கூலி. வால்வு இயந்திர அறையில், கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால், பழகிய கைக்கு அது அரைநாள் வேலையும் அன்று. ஒருநாள் கூலி கேட்டால் காரணம் கேட்கலாம். ஆனால் ஒழுக்கு டாஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள சிறு றேடியேற்றரில் இருந்தால், பயணியின் காலடிக் கம்பளம் நனைந்திருக்கும். அதை எடுப்பதற்குப் பெரும்பாலும் டாஷ்போர்டையே கழற்ற வேண்டும். அங்கே ஒருநாள் கூலி நியாயமானது. அவ்வேலையை மிகக் குறைந்த தொகைக்குச் செய்வதாக ஒருவர் கூறினால் அதுவும் ஐயத்துக்குரியதே. ஒழுக்கை அடைக்கும் தூளை நீரில் கலந்துவிடுவது அவர் எண்ணமாக இருக்கலாம். அத்தூள் வெடிப்பை அடைக்கும். நுண்ணிய நல்ல வழிகளையும் அடைக்கும். விலை குறைந்த மதிப்பீடும் விளக்கம் கேட்கப்பட வேண்டியதே. பணம் செலுத்தியபின் பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெற வேண்டும். 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் சட்டத்தின்படி அது கேட்போரின் உரிமை.

வேலை நடக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. சூடான இயந்திரத்தின் றேடியேற்றர் மூடியை எக்காரணத்தாலும் திறக்கலாகாது. பழைய ஹோஸை இழுத்துக் கழற்றினால் சிறு றேடியேற்றரின் மெல்லிய முனை முறியும். ஹோஸை நீளவாக்கில் கீறி உரித்தெடுப்பதே பாதுகாப்பு. வழிந்த கூலன்டைக் கழுவிவிட வேண்டும். அதன் இனிப்புச் சுவையில் மயங்கி நாய் நக்கினால் அதற்கு அது நஞ்சு, குழந்தைக்கும் அவ்வாறே. மீண்டும் நிரப்பும்போது கிணற்று நீரை விட்டு, கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் கலந்ததை ஊற்றி, கைப்பிடியை வெப்பப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டால், உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். கழற்றிய பழைய வால்வைக் கார்க்காரர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நல்ல பாஸ் கேட்குமுன்பே அதைத் துணியில் சுற்றி இருக்கையில் வைத்திருப்பார். அன்றிரவு காரின் அடியில் ஒரு பழைய பத்திரிகைத் தாளை விரித்துவைத்து, மறுநாட் காலையில் இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது சேமிப்புப் போத்தலின் கோட்டைப் பார்க்க வேண்டும். முதல் நாள் சற்றே இறங்கியிருந்தால் அது வெளியேறிய காற்றின் இடம். கோடுவரை நிரப்பினால் போதும். மூன்றாம் நாளும் தாள் உலர்ந்து, நீர் அதே கோட்டில் நின்றால், ஹங்குராங்கெத்தச் சவாரியை ஒப்புக்கொள்ளலாம்.