ஊர் வரலாற்று மாலைகள்
(கல்விக் கழக வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், சென்ற தை முதல் பங்குனி வரை சனிக்கிழமைதோறும் நம் ஊர் வரலாற்றுக் குழுவினர் இரவுப் பாடசாலைக் கட்டடத்தில் நடத்திய மாலைப் பேச்சுகளைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகின்றோம்.

வரலாறு என்றதும் அரசர்களையும் போர்களையும் நினைப்பது வழக்கம். கோயில் கல்வெட்டில் கொடை அளித்தவர் பெயர் உண்டு. ஏரிக்கு மண் சுமந்தவர் பெயரை எங்கே தேடுவது? ஆகவே நமக்கு வரலாறே இல்லை என்பாரும் உளர். நம் முன்னோர் அதை அன்றே மறுத்தனர். இரட்டைமலை சீனிவாசனார் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அவர்கள் நாடறியச் செய்த பணியை நாம் ஊரளவில் செய்ய முற்பட்டோம்.

வாரம் ஒரு மூத்தவர் பேசுவார். இளைஞர் இருவர் எழுதுவர். மறுவாரம் அதைச் சபையில் படித்துக் காட்டித் திருத்தம் கேட்பர். ஆண்டு நினைவில்லாதவரிடம், "தனுஷ்கோடிப் புயலுக்கு முன்பா, பின்பா?" என்று வினவுவர். அப்புயல் 1964 டிசம்பரில் வீசியது. இவ்வாறு ஆண்டறியாத நினைவுகளுக்கும் ஆண்டு கிடைத்தது.

இம்மாலைகளில் நாம் கற்ற முதன்மையான பாடம் ஒன்றுண்டு. சட்டம் பிறந்த ஆண்டு வேறு. அது நம் தெருவுக்கு வந்து சேர்ந்த ஆண்டு வேறு.

பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசனார் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தது 1924இல். தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது 1950இல். தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது 1955இல். எண்பதைக் கடந்த நம் அம்மையார் ஒருவர், புயல் வீசிய அவ்வாண்டில் மணமாகி இவ்வூருக்கு வந்தவர். ஊர்க் கிணற்றருகே குடத்தை வைத்துவிட்டு, யாரேனும் இரங்கி நீர் ஊற்றும் வரை எட்டி நின்றதை அவர் சொன்னார். தீர்மானம் நிறைவேறி நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நிலைமை அதுவே! 1924 என்பதை நூலில் படித்தறியலாம். 1964ஐ அறிய அந்த அம்மையார் வேண்டும். "ஏன் ஆயா, இதை எங்ககிட்ட இத்தனை நாளா சொல்லல?" என்றாள் பேத்தி. "நீங்க கேட்டாத்தானே" என்றார் அவர்.

ஆயினும் நினைவு மட்டும் போதாது. ஆவணம் மட்டும் போதாது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைப் பாருங்கள். பழைய நாளில் நம் பிள்ளைகள் பலர்க்குப் பிறந்த தேதியை வகுப்புக்கு ஏற்ப ஆசிரியரே குறித்துக்கொண்டார். எழுதப்பட்டது என்பதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. ஒன்றை மற்றொன்றால் சோதித்தறிய வேண்டும்.

நிலத்தின் செய்தியும் அத்தகையதே. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீர் அளித்த அறிக்கையை அடுத்து, 1892இல் நம் மக்களுக்கு நிலம் வழங்க அரசாணை பிறந்தது. அதுவே பஞ்சமி நிலம். பத்தாண்டுகள் விற்கலாகாது, அதன் பின்னும் நம் வகுப்பினர்க்கன்றிப் பிறர்க்கு விற்கலாகாது என்பது நிபந்தனை. ஏரிக்கு மேற்கே உள்ள புன்செய் ஒன்றைத் தம் தந்தையார் "பஞ்சமர் காடு" என்று அழைத்ததாகப் பெரியவர் ஒருவர் மாசி மாதத்தில் கூறினார். இன்று அது பிறர் கையில் உள்ளது. நான்கெல்லையையும், அங்கே உழுதவர்களின் பெயரையும் அவர் வரிசையாகச் சொன்னார். சித்திரையில் அவர் மறைந்தார். அவர் சொல் நம் குறிப்பேட்டில் இருக்கின்றது. இரண்டு மாதம் தாழ்த்தியிருந்தால் அதுவும் அவருடன் போயிருக்கும்.

1980இல் பழைய கிராம அலுவலர் பதவிகள் ஒழியும் வரை, ஊர்க் கணக்கு கணக்குப்பிள்ளையின் கையில் இருந்தது. அதைக் காட்டுமாறு கேட்கும் துணிவு நம் பாட்டன்மார்க்கு எளிதில் வருமா? இன்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உண்டு. அதன்படி நம் இளைஞர்கள் பழைய நிலப் பதிவேட்டின் நகல் கேட்டு விண்ணப்பித்துள்ளனர். முப்பது நாளில் விடை தரவேண்டும். தராவிடின் மேல்முறையீடு உண்டு. நகல் கைக்கு வருமுன் மேடையில் முழங்க வேண்டா. பெரியவர் சொல் ஒரு சாட்சி. பதிவேடு மறு சாட்சி. இரண்டும் ஒத்தால் ஆட்சியரிடம் செல்வோம்.

இளைஞர்களே! வரும் தையில் மாலைப் பேச்சுகள் மீண்டும் தொடங்கும். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு மூத்தவர் ஒருவரை, குறிப்பாகப் பாட்டிமாரை, அழைத்து வாருங்கள். பெருமையை மட்டுமன்றி, பட்ட அவமானத்தையும், நமக்குள் நேர்ந்த பிணக்கையும் மறையாது எழுதுங்கள். இரு படிகள் எடுத்து ஒன்றைக் கழக நூலகத்தில் சேருங்கள். தை வரையில் காத்திருக்கவும் வேண்டா. இன்றிரவு வீடு சென்றதும் ஒரு கேள்வியேனும் கேளுங்கள்.